நெல்லவிச்சா குடி

சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்த முதல் கிழமையில் றாஹிலாவிடம் ஐந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த பெண் கேட்டாள். சில்லறைக் கடைக்காரர் சீனியை நிறுத்துக்கொண்டே கேட்டார். மீன் வாடியில் ஒருவர், வேலை கேட்டுப் போன இரண்டு வீட்டுக்காரிகள், யாரானாலும் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்டார்கள்.

"நீங்க என்ன குடி, புள்ள?"

பண்டாரவளைப் பக்கம் என்று சொல்லிப் பார்த்தாள். ஊரைக் கேட்கவில்லை, குடியைக் கேட்கிறோம் என்றார்கள். அப்படி ஒன்று தங்களுக்கு இல்லை என்றதும் கேட்டவர்களின் முகத்தில் கோபம் வரவில்லை, இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

போகப் போக விளங்கிக்கொண்டாள். இந்தக் கரையில் ஒவ்வொருவரும் தாய் வழியில் ஒரு குடிக்கு உரியவர். உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. குடிக்கு ஒரு மரைக்கார் பள்ளிவாசலில் உட்கார்ந்திருப்பார். வளவுத் தகராறு வந்தாலும், கலியாணம் பேசினாலும், வீட்டில் சாவு வந்து மையித்து விழுந்தாலும் அவருடைய வாசலில்தான் முதலில் போய் நிற்க வேண்டும். ஒரு குடிக்குள்ளேயே பெண் எடுப்பதும் கொடுப்பதும் கிடையாது, ஒரே குடி என்றால் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. குடி இல்லாதவர்களுக்கு இந்த ஊரில் தடை ஒன்றும் இல்லை. அவர்களுக்காக வாய் திறக்கத்தான் ஆள் இல்லை.

அது எழுபத்தேழாம் ஆண்டின் கடைசி. அந்த ஆவணிக் கலவரத்தில் மலைநாட்டில் எரிந்த கடைகளில் றாஹிலாவின் வாப்பாவுடைய தேத்தண்ணிக் கடையும் ஒன்று. தோட்டத்துத் தமிழர்களின் லயங்களுக்குப் பக்கத்தில் இருந்ததால் கடை யாருடையது என்று கொளுத்தியவர்கள் விசாரிக்கவில்லை. நாற்பது நாள் கழித்து வாப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். உம்மா சபியா உம்மாவுக்கு மூச்சிழுப்பு. தங்கை சபூறாவுக்குப் பன்னிரண்டு வயது. பதினெட்டு வயதில் றாஹிலா வீட்டுக்கு ஆம்பிளை ஆனாள். கல்முனைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிய லொறியில், கோவா மூட்டைகளின் மேல் குந்திக்கொண்டு மூவரும் மலையிறங்கினார்கள். கல்முனைப் பக்கத்தில் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று லொறிக்காரர் சொல்லியிருந்தார். அது உண்மைதான். அந்தச் சோறு யாருடையது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஊருக்கும் கடலுக்கும் நடுவே மணல் மேட்டில் ஒன்பது கிடுகுக் குடிசைகள் இருந்தன. கற்பிட்டியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மீன்பிடிக்க வந்து, பருவம் முடிந்தும் திரும்பிப் போகாமல் நின்றுவிட்ட குடும்பங்கள். ஊரில் அவர்களுக்குப் பொதுப்பெயர் 'வந்த ஆக்கள்'. பத்தாவது குடிசையை றாஹிலா கட்டினாள். பக்கத்துக் குடிசை சித்தி லைலாவுடையது. கற்பிட்டிக்காரி, பெரிய வாய், அதைவிடப் பெரிய கை. முதல் நாள் மூவருக்கும் கஞ்சி கொடுத்தவள் அவள்தான். கொடுத்துவிட்டு, தன் மகன் முகம்மது தம்பிக்குப் பதின்மூன்று வயது என்றும், சபூறாவின் முகவெட்டு நல்லாயிருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னாள். சபியா உம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். வாப்பா போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

வேலை சல்மா உம்மாவிடம் கிடைத்தது. மணல் மேட்டைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தால் முதல் கல்வீடு அவளுடையது. மாவடிப்பள்ளியில் வயல், வளவு நிறையத் தென்னை, புருஷன் இல்லை, ஒரே மகன். ஆலையடி குடி. அந்தக் குடியின் மரைக்கார் கச்சிமுகம்மது அவளுடைய தம்பிதான். மரைக்காராய் இருந்தாலும் ராத்தாவுக்கு முன்னால் குரல் உயர்த்த மாட்டார்.

"நெல்லு அவிப்பியா?" என்று சல்மா உம்மா கேட்டாள்.

அவிப்பேன் என்றாள் றாஹிலா. உமியோடு இருக்கிற நெல்லை அவள் அதுவரை கையில் அள்ளியதே இல்லை.

ஊறப்போடுவதையும், மேல்பக்கம் வெட்டிய எண்ணெய்ப் பீப்பாயான பரலில் கொட்டி அடுப்பேற்றுவதையும் அடுத்த வளவில் எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டாள். அவித்ததைக் கடற்கரை றோட்டில் தார்ப்பாய்ப் படங்கு விரித்துப் பரப்பினாள். இடைக்கிடை நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். மலையில் பிறந்தவள், மழை மலையிலிருந்துதான் இறங்கும் என்று மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கு வெளுத்துக் கிடந்தது. மழை முதுகுப் பக்கத்தால், கடலிலிருந்து வந்து அடித்தது. இரண்டு மூடை நெல்லும் நனைந்து ஊறி, மறுநாள் புளித்த வாடை வீசியது.

சல்மா உம்மா ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்தாள்.

"எங்க பாத்துக்கொண்டு இருந்த நீ?"

"மேற்க. மலைப் பக்கம்."

"இங்க எங்க புள்ள மல இரிக்கி? கடலுக்குள்ளால வரும் மழ. கடல்ட சத்தம் மாறும், கேக்கல்லியா?"

றாஹிலா உண்மையைச் சொல்லிவிட்டாள். இதற்கு முன் நெல் அவித்ததே இல்லை என்றாள்.

"அது நீ பரலத் தூக்கின எடுப்பிலேயே எனக்குத் தெரியும்" என்றாள் சல்மா உம்மா. "நாளைக்கு வா. இந்த அரிசியத் திண்டு முடிக்கிற வரைக்கும் உன்ன ஏசுவன். கேட்டுக்கொண்டு அவி."

சல்மா உம்மா இரண்டு மாதம் அந்த வாடைச் சோற்றைத் தின்றாள். சொன்னபடி இரண்டு மாதமும் ஏசினாள். ஆனால் அதற்குள் றாஹிலாவின் காது வேலை செய்யத் தொடங்கியிருந்தது. தேத்தண்ணிக் கடையில் கொதிதண்ணீர்ப் பொயிலருக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் அவள். ஆவி எப்போது முணுமுணுக்கும், எப்போது மூச்சு விடும், எப்போது சீறும் என்பது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். பரலில் நெல் வாய் பிளக்கிற நேரத்தை மற்றவர்கள் மூடியைத் திறந்து பார்த்தார்கள், அவள் திறக்காமலே சொன்னாள். மில்லில் போட்டால் அவளுடைய நெல் நொறுங்குவதில்லை. ஒரு வருஷத்துக்குள் அந்தத் தெருவில் பாதி வீட்டு நெல் அவளுடைய பரலுக்குள் போய் வந்தது. கூலி அரிசியாகவே கிடைத்தது. சபூறா பள்ளிக்கூடம் போனாள், உம்மாவுக்குக் கசாயமும் குளிசையும் வந்தன.

அடுத்த கார்த்திகையில் சூறாவளி வந்தது. விடிந்து பார்த்தபோது தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலைசாய்த்துக் கிடந்தன. மணல் மேட்டில் பத்துக் குடிசைகளில் ஒன்றின் கப்புக்கூட மிஞ்சவில்லை. எல்லாரும் சல்மா உம்மாவின் கல்வீட்டுக்குள் அடைந்துகிடந்து உயிர் தப்பியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் அரிசியும் தகரமும் போர்வையும் வந்தன. பங்கிடுவது பள்ளிவாசலின் பொறுப்பு, பள்ளிவாசல் கணக்கு குடிக் கணக்கு. ஒவ்வொரு மரைக்காரும் தன் குடி வீடுகளை எழுதினார்கள். வந்த ஆக்களுக்குக் குடி இல்லை, ஆகவே எழுத மரைக்காரும் இல்லை. அவர்களுக்கு மிஞ்சினால் பார்க்கலாம் என்றார்கள். கடதாசியும் பேனையுமாக வளவுக்குள் வந்த தம்பியைச் சல்மா உம்மா மறித்தாள்.

"எழுது. சபியா உம்மா, ரெண்டு குமர்."

"ராத்தா, அவங்க எங்கட ஆக்களா?"

"என்ட கூரைக்குக் கீழதானே இரிக்காங்க. பிறகு யாருட ஆக்கள்? எழுது."

கச்சிமுகம்மது எழுதினார். ஒரு குடும்பத்துக்கு மேல் எழுதினால் மற்ற மரைக்கார்கள் வாய்க்குள் போட்டு மெல்லுவார்கள் என்று அவர் கெஞ்சியதால், ஒரு வீட்டோடு நின்றது. மற்ற ஒன்பது வீட்டுக்கும் கடைசியில் கிழிந்த போர்வைகள்தான் கிடைத்தன. சித்தி லைலா தனக்குக் கிடைத்த போர்வையை உதறிப் பார்த்துவிட்டு, "நீங்க இனி ஊராக்கள்தானேகா" என்றாள். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் கஞ்சியும் வரவில்லை, கதையும் வரவில்லை.

ஆனால் சபியா உம்மா அன்றிலிருந்து நன்றாக நித்திரை கொண்டாள். அவளுடைய பயம் ஒன்றே ஒன்று. ஆம்பிளை இல்லாத வீடு, அந்நிய ஊர், நான் மவுத்தானால் சந்தூக்கைத் தூக்க நாலு தோள் யார் தருவார்கள் என்று மூச்சிழுக்கும்போதெல்லாம் கேட்பாள். இப்போது கேட்பதில்லை. ஆலையடி குடியில் அறுபது வீடு, நூற்றுக்கு மேலே தோள்.

உறவுமுறையும் மாறியது. குடிக்குள் வந்தபடியால் சல்மா உம்மா இனி உம்மாவின் தங்கச்சி மாதிரி, ஆகவே சாச்சி. கச்சிமுகம்மது மாமா. சல்மா உம்மாவின் மகன் மசூர் அண்ணன் முறை, காக்கா. றாஹிலா சாச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டாள், மாமா என்றும் கூப்பிட்டாள். மசூரை மட்டும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை.

மசூர் லொறி ஓட்டினான். சாகாமத்திலிருந்தும் மாவடிப்பள்ளியிலிருந்தும் நெல் மூடைகளை ஏற்றி வந்து அவளுடைய அடுப்படியில் இறக்குவான். இறக்கிய பிறகு ஒரு தேத்தண்ணி. மலைநாட்டுச் சாயம், கசப்பு நாக்கில் நிற்கும். இந்த ஊர்த் தேத்தண்ணி சீனிக் கரைசல்தான் என்று அவன் சொல்லத் தொடங்கினான். மூன்று மூடையை ஒரே தடவையில் இறக்கக் கூடியவன் மூன்று தடவையாகக் கொண்டுவரத் தொடங்கினான். நாலு வருஷத்தில் தெருவுக்கே தெரிந்த சங்கதி கடைசியாகச் சல்மா உம்மாவுக்குத் தெரிந்தது. அவள் கோபிக்கவில்லை. வாடைச் சோற்றை இரண்டு மாதம் தின்றது வீண் போகவில்லை என்று சொல்லிச் சிரித்தாள். இந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான், பெண்ணுக்கு வீடு வேண்டும். றாஹிலா அதற்குள் மணல் மேட்டில் களிமண் சுவர் வைத்து, சூறாவளித் தகரம் போட்டு இரண்டு அறை கட்டியிருந்தாள். வீடும் சரி. சல்மா உம்மா தம்பியைக் கூப்பிட்டு நாள் பார்க்கச் சொன்னாள்.

கச்சிமுகம்மது விரலை மடக்கி நாள் எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

"ராத்தா, ரெண்டு பேரும் ஒரு குடி."

"என்னது?"

"ஆலையடி குடி. சூறாவளிக்குப் பிறகு எழுதினதுதானே."

"நீ ஏன் எழுதின?"

"நீங்கதானே எழுதச் சொன்னீங்க."

சல்மா உம்மா அன்று பகல் முழுக்க ஒருவரையும் ஏசவில்லை. அது வீட்டில் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் லெவ்வையிடம் கேட்டார்கள். மார்க்கத்தில் ஒரு தடையும் இல்லை என்றார். ஊரில் இருக்கிற தடைக்கு மார்க்கத்தில் மருந்து இல்லை என்றும் சொன்னார். பள்ளிவாசலின் மூத்த மரைக்கார் பக்கீர் முகைதீன் வழி சொன்னார். அழித்துவிடுங்கள் என்றார். எழுதியது இரக்கத்துக்கு எழுதியது, ஒரு கோடு போட்டால் முடிந்தது, பெண் மறுபடி வந்த ஆள், வந்த ஆளை யாரும் கலியாணம் முடிக்கலாம்.

மசூர் சந்தோஷத்தோடு அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். றாஹிலா பரலுக்குக் கீழே தேங்காய்ப் பொச்சைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அழிச்சா எனக்கு மாப்பிள்ளை கிடைக்கும்" என்றாள். "உம்மாக்கு என்ன கிடைக்கும்?"

அவன் அதை யோசித்திருக்கவில்லை.

"சபூறாக்கு என்ன கிடைக்கும்? நாளைக்கு எனக்கு ஒரு புள்ள பிறந்தா அதுட்ட என்ன குடி எண்டு கேப்பாங்க. ஒண்டும் இல்ல எண்டு செல்லுமா? எனக்கு அந்த முகத்தைத் தெரியும். நாலு வருஷமா அந்த முகத்தைப் பார்க்காம இருக்கிறன்."

மசூர் தேத்தண்ணி குடிக்காமல் போனான். பேரப்பிள்ளைக் கதை அவன் வாயால் சல்மா உம்மாவின் காதுக்குப் போக, அவளுக்கும் அது முள்ளாகக் குத்தியது. வேறு குடி ஏதாவது இவர்களை எடுத்துக்கொள்ளுமா என்று மூன்று மரைக்கார்களின் வீட்டுக்கு நடந்தாள். ஒருவர் பார்க்கலாம் என்றார். ஒருவர் ஊரில் இல்லை என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பினார். பக்கீர் முகைதீன் மட்டும் நேராகச் சொன்னார், இன்றைக்கு ஒரு வீட்டை எடுத்தால் நாளைக்கு மணல் மேடு முழுக்க வாசலில் நிற்கும் என்று.

திரும்பி வந்து றாஹிலாவின் அடுப்படியில் குந்தினாள் சல்மா உம்மா. பரல் முணுமுணுக்கிற பருவம். இரண்டு பேரும் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாச்சி, இந்த ஆலையடி குடி எப்படித் தொடங்கினது?"

"எங்கட மூத்தவ ஒருத்தி புள்ளகுட்டியோட வந்து ஆலமரத்தடியில குடிசை போட்டவவாம். அவட வயித்துல பிறந்த ஆக்கள்தான் நாங்க எல்லாரும்."

"எங்கேயிருந்து வந்தவ?"

"யாருக்குத் தெரியும்?"

"அவவிட்ட ஒருத்தரும் என்ன குடி எண்டு கேக்கல்லியா?"

சல்மா உம்மா ஒரு பொச்சை எடுத்து நெருப்புக்குள் தள்ளினாள். பிறகு எழும்பிச் சீலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டு, பரல் மூச்சு விடத் தொடங்கியதைக்கூடக் கவனிக்காமல் தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

பள்ளிவாசலுக்குள் நடந்ததைக் கச்சிமுகம்மதுதான் வந்து சொன்னார். புதுக் குடி ஒன்று எழுத வேண்டும் என்று அவர் கேட்டபோது முதலில் சிரிப்பு எழுந்ததாம். எல்லாக் குடியும் ஒரு பொம்பிளையில்தானே தொடங்கியது, அந்தப் பொம்பிளை ஏன் இன்றைக்கு இருக்கக் கூடாது என்று அவர் கேட்டபோது சிரிப்பு நின்றதாம். ராத்தா சொல்லிக் கொடுத்ததை ஒரு சொல் விடாமல் சொல்லியிருந்தார். பக்கீர் முகைதீன் தாடியைத் தடவிக்கொண்டு, சரி, குடி என்றால் குடியின் பங்கும் வேண்டுமே என்றாராம். முகைதீன் ஆண்டகை கந்தூரிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. ஒவ்வொரு குடியும் இரண்டு மூடை அரிசி வைக்கிறது. அவர்களும் வைக்கட்டும், வைத்தால் எழுதுகிறேன். பெயர் என்ன என்று ஒருவர் கேட்க, நெல் அவிக்கிறவள்தானே, நெல்லவிச்சா குடி என்று எழுதுவோம் என்று அவர் சொல்ல, மறுபடியும் சிரிப்பு.

"அறுபது வீடு சேந்து வைக்கிறத நீ ஒரு வீடா வைக்கணும்" என்றார் கச்சிமுகம்மது. அவருடைய முகம் வாடியிருந்தது. "ஏலாது எண்டு தெரிஞ்சுதான் செல்லியிரிக்கான்."

"பேரைப் பற்றி ஒண்டும் செல்ல வேணாம், மாமா" என்றாள் றாஹிலா. "அரிசிய நான் பாக்கிறன்."

அறுவடை அப்போதுதான் தொடங்கியிருந்தது. கந்தூரிக்காக எல்லாக் குடியும் புது நெல் அவிக்கிற நேரம். முன்பு நேரமில்லை என்று தான் மறுத்த வீடுகளுக்கெல்லாம் ஓம், அவிக்கிறேன் என்றாள். இன்னொரு பரல் இரவல் வாங்கினாள். விடியலில் ஒன்று, பகலில் இரண்டு, அசர் தொழுகைக்குப் பின் ஒன்று. சபூறா பள்ளிக்கூடம் விட்டு வந்து நெல்லைக் காலால் துழாவிக் காய வைத்தாள். சபியா உம்மா மூச்சிழுப்போடு காகம் விரட்டினாள். மசூர் ஒரு மூடை அரிசியை லொறியில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். அது உங்கள் குடி அரிசி, அதை வைத்தால் நான் எழுதப்படுவது பொய் என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பினாள். இந்த முறை தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்பினாள்.

ஒன்பதாம் நாள் ஒன்றரை மூடை அரிசி வீட்டுக்குள் இருந்தது. மிச்ச அரை மூடைக்கு, இந்த முறை கூலியை நெல்லாகவே வாங்கி அவித்தது, றோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் பக்கீர் முகைதீன் வீட்டிலிருந்து அவிக்க வந்த நெல், மூன்று மூடை. நாள் வெயிலாகத்தான் இருந்தது. ஆனால் பகலுக்குப் பின் கடலின் சத்தம் மாறியது. அலை விழுகிற இடைவெளி குறைந்து, ஆவி சீறுவதற்கு முன் வருகிற அந்த ஒரு நெருக்கம். றாஹிலா எழும்பி ஓடினாள். மூடுவதற்கு இருந்தது இரண்டு படங்கு. அவளுடைய கை பக்கீர் முகைதீனின் நெல்லை அள்ளிக் குவித்தது.

"ராத்தா, நம்ம நெல்லு!" என்று கத்தினாள் சபூறா.

"அது பிறகு. மரைக்கார்ட நெல்ல மூடு."

இரண்டு படங்கும் அந்த மூன்று மூடைக்கே சரியாக இருந்தன. மற்றதை மழை எடுத்தது. அடுத்த நாளும் மழை விடவில்லை. அவித்தாலும் காய வைக்க வழியில்லை. அரை மூடை குறைவு என்பது தெருவெல்லாம் தெரிந்துவிட்டது.  சபியா உம்மா மகளின் நனைந்த தலையைத் துவட்டிவிட்டாள். மலையிறங்கிய பிறகு அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

கந்தூரிக்கு முதல் நாள் பின்னேரம் மழை தூறலாக நின்றபோது சித்தி லைலா சுளகில் அரிசியை ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அளந்தால் நாலு கொத்து இருக்கும். அரிசிக்கு மேலே முந்தானையை மூடியிருந்தாள்.

"இதப் போட்டா எங்கட பேரும் வருமா?"

றாஹிலாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் அவசரப்படவில்லை. தெரியாமல் எழுதியதால் வந்த வினை அவளுக்குத் தெரியும்.

"வரும், ராத்தா. ஆனா வந்தா ஒரே குடி. உங்கட முகம்மது தம்பிக்கும் எங்க சபூறாக்கும் பிறகு ஒண்டும் பேச ஏலாது. அவ அவனுக்குத் தங்கச்சி."

"தெரியும்" என்றாள் சித்தி லைலா. "ரெண்டு நாளா அதத்தான் யோசிச்சன். நல்ல புள்ள அவ." சுளகை நீட்டினாள். "கெதியா வாங்குகா. பிறகு மனம் மாறிடும்."

அரிசியைக் கொட்டிவிட்டு அவள் மணல் மேட்டில் குடிசை குடிசையாகப் போனாள். அவளுடைய குரல் எல்லாச் சுவரையும் தாண்டிக் கேட்டது. பொழுது படுவதற்குள் இன்னும் ஐந்து வீட்டுக்காரிகள் வந்தார்கள். கற்பிட்டி அரிசி சிவப்பு, மன்னாரிலிருந்து வந்தவள் கொண்டுவந்தது கடையில் வாங்கிய வெள்ளை. மூடையின் வாய் வரைக்கும் நிரம்பியது. மூன்று வீட்டார் வரவில்லை, அவர்களுக்குக் கலியாணக் கணக்குகள் இருந்தன. றாஹிலா அவர்களைக் குறை நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஏழு வீட்டுப் பெண்களும் இரண்டு மூடையையும் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளிவாசல் வாசலில் இறக்கினார்கள். மௌலூது ஓதுகிற சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. பக்கீர் முகைதீன் மரைக்கார் கொப்பியோடு வெளியே வந்தார். ஒரு மூடையின் வாயைப் பிரித்து, ஒரு மணியை எடுத்துக் கடித்தார்.

"இது எங்கட வீட்டு அரிசி மாதிரியே இரிக்கி."

"அவிச்ச கை ஒண்டுதானே" என்றார் பக்கத்தில் நின்ற கச்சிமுகம்மது.

மற்ற மூடையைப் பிரித்தார். சிவப்பும் வெள்ளையும் கலந்திருந்ததைப் பார்த்து நிமிர்ந்தார்.

"ஒரு வீடு எண்டுதானே செல்லின?"

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு றாஹிலாதான் பதில் சொன்னாள். "இப்ப ஏழு வீடு."

மரைக்கார் அவளுக்குப் பின்னால் நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மணல் மேடு வாசலில் வந்து நிற்கும் என்று அவர் சொன்னது அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். கொப்பியைப் புரட்டி, வெறும் பக்கம் ஒன்றைத் தேடினார்.

"எங்கட நெல்லு ஒரு மணி நனையல்ல எண்டு வீட்டுல செல்லினாங்க" என்றார், கொப்பியைப் பார்த்தபடியே. பிறகு எழுதினார். வேறு நல்ல பெயர் ஏதாவது வைக்கலாமா என்று கச்சிமுகம்மது மெல்லக் கேட்டார். இதுவே இருக்கட்டும் என்றாள் றாஹிலா.

பங்குனியில் நிக்காஹ் நடந்தது. மசூர் ஒரு பெட்டியையும் லொறித் திறப்புச் சாவியையும் எடுத்துக்கொண்டு மணல் மேட்டு வீட்டுக்கு வந்தான். சாச்சி மாமியானாள். நாக்குத் திரும்ப நாலு மாதம் எடுத்தது. அதுவரைக்கும் சல்மா உம்மா, முறை தெரியாத மருமகள் என்று தெருவுக்கெல்லாம் சொல்லி ஏசினாள். மசூரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்ற கேள்வி மட்டும் ஒரே நாளில் தீர்ந்தது. மச்சான்.

சபியா உம்மா எண்பத்தைந்தில் மவுத்தானாள். சந்தூக்கின் முன்காலைப் பிடித்தவன் முகம்மது தம்பி. மற்ற மூன்று காலுக்கும் தோள் மாறி மாறி வந்தது. மணல் மேட்டில் வரமாட்டோம் என்றிருந்த மூன்று வீட்டாரும் அதற்குள் குடியில் வந்து சேர்ந்திருந்தார்கள். வாசலில் முக்காட்டைக் கடித்துக்கொண்டு நின்ற றாஹிலா தோள்களை எண்ணத் தொடங்கினாள். சந்தூக்கு தெருவை விட்டு ஒழுங்கைக்குள் திரும்புவதற்குள் எண்ணிக்கை தவறிவிட்டது.

சபூறா படித்து, மருதமுனையில் நெசவு வீட்டுப் பையன் ஒருவனை முடித்தாள். கலியாணத்துக்குச் சமைத்தவள் சித்தி லைலாதான். இன்றும் படங்குக்குப் பக்கத்தால் போகும்போதெல்லாம் அவள் நின்று ஒரு தடவை சொல்லாமல் போவதில்லை.

"நாலு கொத்து அரிசிக்கு ஒரு நல்ல மருமகள வித்துப்போட்டன்கா."

றாஹிலா சிரித்துக்கொண்டே நெல்லைத் துழாவுகிறாள். இடையில் ஒரு தடவை தலையைச் சாய்த்துக் கடலைக் கேட்கிறாள்.